தேடும் பழக்கமும் தேர்ந்தெடுக்கும் கடமையும்

இன்று பட்டம் பெறும் அருமை மாணவ மாணவியரே,

ஐயம் எழுந்த மறுகணமே கைப்பேசியில் விடை தேடிப் பழகிய தலைமுறையினர் நீங்கள். ஆதலின், அவ்விடையைக் கொணர்ந்து தரும் தேடுபொறிகளிடையே நிகழ்ந்த போட்டியைக் குறித்தும், அது ஒடுங்கிய வரலாற்றைக் குறித்தும் பேச விரும்புகிறேன்.

1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் இருவர் தம் கையால் தொகுத்த பட்டியலாக யாஹூ பிறந்தது. மறு ஆண்டு வந்த ஆல்டாவிஸ்டா, வலைப்பக்கங்களின் சொற்களையெல்லாம் அட்டவணைப்படுத்தி உலகை வியப்பில் ஆழ்த்திற்று. பின்னர், ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் கொண்டே அதன் தகுதியை நிர்ணயிக்கலாம் எனக் கண்ட லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளை நிறுவினர். மேலான விடை தந்தவரை மக்கள் நாடிச் சென்ற காலம் அது. விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி, தேடுவோரை விட்டு விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று அவ்விருவரும் அவ்வாண்டுக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தனர். ஆயினும் 2000-ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவனமும் விளம்பர வியாபாரத்தில் இறங்கியது.

அமெரிக்க அரசின் நீதித்துறை 2020-இல் தொடுத்த வழக்கில், கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். அதன் தரத்தை அவர் மறுக்கவில்லை. எனினும், உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருக்கும் பொருட்டு, 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. வாங்கிய கருவியில் இருப்பதை மாற்றப் பெரும்பாலோர் விரலையும் அசைப்பதில்லை என்னும் நம்பிக்கைக்கு, அதாவது நம் சோம்பலுக்கு, இடப்பட்ட விலை அது! மக்கள் தேடத் தேட அத்தேடல்களின் பதிவே பொறியை மேலும் கூர்மையாக்குவதால், முந்தியவர் மேன்மேலும் முந்துவதும், புதியவர் வாசலிலேயே நின்றுவிடுவதும் இயல்பாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைமை தாங்கிய ஸ்ரீதர் ராமசாமி, அதைவிட்டு வெளிவந்து, விளம்பரமே இல்லாமல் சந்தாவால் நடக்கும் நீவா என்ற தேடுபொறியை நிறுவினார். அனுபவமும் சாமர்த்தியமும் குறைவற இருந்தும் 2023-இல் அதை மூட நேர்ந்தது. அவ்வாண்டே மேற்சொன்ன வழக்கில் சாட்சியம் அளித்த அவர், முன்னமைப்பு ஒப்பந்தங்கள் தமக்கு எவ்வளவு பெரிய தடையாயின என்பதை எடுத்துரைத்தார்.

2025 செப்டம்பரில் நீதிமன்றம், பிறர்க்கு இடம் கொடாத ஒப்பந்தங்களைத் தடுத்து, தேடல் தரவுகளில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்கு வழங்கவும் கட்டளையிட்டது. சட்டம் வழியைத் திறக்கலாம். அதில் நடக்க வேண்டியவர் நாமே. ஆதலால் நோய், சட்டம், பணம், வாக்கு ஆகியவை பற்றிய கேள்வியெனில் ஒரு பொறியோடு நில்லாது மற்றொன்றையும் கேளுங்கள். விளம்பரம் என்று குறித்த வரிகளைக் கடந்து மூல ஆவணத்தையே திறந்து படியுங்கள். பத்துச் சுட்டிகள் இருந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு ஒரே விடையை உரைக்கும் இந்நாளில், இப்பழக்கம் முன்னிலும் அவசியமாகின்றது.

உங்களுள் பொறியியல் பயின்றோர் புதிய பொறிகளைப் படைக்க முன்வாருங்கள். சட்டம் பயின்றோர் போட்டியின் நியாயத்தைக் காத்து நில்லுங்கள். எத்துறையினராயினும், எங்கே தேடுவது என்பதைப் பிறர் தீர்மானிக்க விடாதீர்கள். அச்சுதந்திரத்தைக் கைவிடாதவரே கற்றவர் என்னும் பெயருக்கு உரியவர். உங்கள் கல்வி நாட்டுக்குப் பயன்படுக. நீவிர் அனைவரும் நீடூழி வாழ்க!