கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்



தமிழன் குடித்தே கெட்டான் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அவனுக்குக் கடை திறந்து வைத்தது யார் என்று கேட்பார் இல்லை.

தாமான்களும் பேரங்காடிகளுமாக நிற்கும் இந்தப் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற மண். அந்நாளைய மலாயாத் தோட்டங்களில் லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை இருந்தது. அதை நடத்தியது பெரும்பாலும் தோட்ட நிர்வாகமே. துரை கொடுத்த சம்பளம் சாயங்காலமே அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது.

இதை எதிர்த்தவர்கள் யார்? பால்மரம் வெட்டியவர்கள்தான்! 1941-இல், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிள்ளானில், தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இந்தக் கோரிக்கைகளோடு சேர்ந்தே ஒலித்தது, கள்ளுக்கடையை மூடு என்ற குரல். அரசு பட்டாளத்தை அனுப்பியது, சுட்டார்கள், தொழிலாளர் மாண்டார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். ஆனாலும் குரல் அடங்கவில்லை. 1947-இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது.

கூலியும் மானமும் கேட்டவனுக்குக் குடியும் எதிரியாகத் தெரிந்தது. அந்தத் தெளிவு இன்று எங்கே?

கள்ளுக்குப் பின் சம்சு என்னும் சாராயம் வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் புட்டி, மலிவு விலை, கடும் போதை. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிக்குப் போனபோது சம்சுவும் கூடவே குடிபெயர்ந்தது.

2018 செப்டம்பரை மறக்க முடியுமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் போலி மது குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனையில் விழுந்தார்கள். பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். புட்டிக்குள் இருந்தது மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பை அரிக்கிறது. முதலில் பார்வை மங்கும். பிறகு மூச்சு முட்டும். மலிவு பார்த்து வாங்கியவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

போதைப்பொருளும் அப்படித்தான். அதை நாட்டின் முதல் எதிரி என்று அரசு அறிவித்தது 1983-இல். அன்று ஹெராயின், இன்று சியாபு, மாத்திரை. மதுவுக்கும் சட்டம் வந்தது: 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். 2020-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கான தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. ஏட்டில் சட்டம் இருக்கிறது. முனைக்கடையில் அதைக் கேட்க ஆள் வேண்டும்.

தாய்மார்களே, வீட்டில் குடிக்கு அடிமையானவர் இருந்தால் அறையில் பூட்டி வைக்காதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிரே போகலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போதைப்பொருள் என்றால், தானாக வந்து சிகிச்சை கேட்பவரை ஏற்கும் ஏ.ஏ.டி.கே. (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) நிலையங்கள் இருக்கின்றன.

இளையோரே, பள்ளிச் சீருடையில் வரும் பையனுக்குப் புட்டி விற்கும் கடை உங்கள் தாமானில் இருந்தால், பத்துப் பேராகச் சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள். கேட்பதை ஒன்றுகூடிக் கேட்கும் வழியைக் கிள்ளான் தொழிலாளர்கள் 1941-லேயே காட்டிவிட்டார்கள்.