சாரலுக்கு முன் பெட்டியைத் திறப்போம்
(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, தென்காசி)



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த மே 5ஆம் நாளை நினைவுகூர இங்கே கூடியிருக்கிறோம். வெளியே கத்திரி வெயில். இன்னும் ஒரு மாதம் போனால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். சாரல் காற்று உடம்புக்குச் சுகம். பழைய காகிதத்துக்கு அது ஆகாது. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே பூச்சி வரும். நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் கல்லூரி நூலகங்களின் பூட்டிய அலமாரிகளிலும் இருக்கும் தாள்களுக்கு ஒவ்வொரு சாரலும் ஒரு கண்டம்தான். அதனால்தான் இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஆவணங்களைப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பொருளுக்கும் பண்டிதருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழை அவர் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை வாராவாரம் எழுதினார். பௌத்தம், மொழி, மருத்துவம், சாதியின் தோற்றம், அன்றாட அரசியல் என்று அவர் தொடாத பொருள் குறைவு. அதன்பின் என்ன நடந்தது? நவீனத் தமிழகத்தின் சிந்தனை வரலாறு என்று எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை அப்படி ஒருவர் இருந்ததாகவே காட்டவில்லை. அவருடைய எழுத்துகள் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெயரில் பெருந்தொகுதிகளாக நம் கைக்கு வந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். மூன்று தலைமுறைகள் தங்கள் ஆசானைப் படிக்காமலே போய்ச் சேர்ந்தன.

அந்த 85 ஆண்டுகளும் ‘தமிழன்’ எங்கே இருந்தது? நம் மக்களின் வீடுகளில் இருந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைச் சேர்த்துக் காத்து வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தேடித் தொகுத்தார். அச்சிட்டது யார்? இங்கிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பாளையங்கோட்டையில், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஒரு வீட்டு அலமாரியும் ஒரு கல்லூரியும் கைகோத்ததால் பண்டிதர் திரும்பி வந்தார். அந்தத் தொகுதிகள் வந்த பிறகு எத்தனை ஆய்வேடுகள், எத்தனை விவாதங்கள்! தமிழகத்தின் வரலாற்றையே வேறு மாதிரிப் பேச வேண்டியதாயிற்று.

கைகோக்காதபோது என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பத்து ரூபாய் செலவில் தொடங்கியதாகவும், நானூறு பிரதிகள் இரண்டே நாளில் விற்றதாகவும் அவரே தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். அப்படி விற்ற இதழின் முழுத் தொகுதியை இன்று நம்மால் மேசைமேல் எடுத்து வைக்க முடியவில்லை. வெள்ளை அரசு தன் கண்காணிப்புக்காகச் சுதேசப் பத்திரிகைகளிலிருந்து எடுத்து மொழிபெயர்த்து வைத்த ஆங்கிலச் சுருக்கங்களில் ‘பறையன்’ பேசிய சிலவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. நம் குரலை நம்மை வேவு பார்த்தவரின் குறிப்பேட்டில் தேடுகிறோம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். குற்றாலக் குறவஞ்சியை எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்தோம். அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது என்றும், அந்த இடம் குறவஞ்சி மேடு என்றும் சொல்வார்கள். கவிராயருக்கு நிலம் கிடைத்த கதை நிலைத்துவிட்டது. மலைவளம் சொன்ன குறத்தியின் மக்கள் அந்த மலையை எப்போது, எப்படி இழந்தார்கள் என்பதற்குத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது?

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. சில மைல் தள்ளியிருக்கும் தென்காசியோ சென்னை மாகாணத்தில். இங்கே அதற்கான சட்டம் வந்தது 1939இல். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நம் பாட்டன்மார் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் கோயில் வாசலில் நின்றார்கள். 1956இல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே செங்கோட்டையின் பழைய கதையைத் தேடுகிற மாணவர் திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டும். தென்காசியின் கதையைத் தேடுபவர் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளைப் புரட்ட வேண்டும். நம் மாவட்டம் பிறந்ததே 2019இல்தானே.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே திரும்பிப் பார்த்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகையாளர்கள் வந்தார்கள், விசாரணைகள் நடந்தன. பணத்துக்காக மாறினார்கள் என்று எழுதியவர்கள் எழுதினார்கள். வந்துபோனவர்கள் எழுதிய தாள் ஏராளம். மாறியவர்கள் தங்கள் வாயால் சொன்னது எவ்வளவு பத்திரமாக இருக்கிறது? அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய நினைவைப் பதிவு செய்வதும் ஆவணக் காப்பக வேலைதான். அதைத் தள்ளிப்போட நமக்கு நேரம் இல்லை.

மாணவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். காப்பகத்துக்குள் நுழையக் கூச்சப்படாதீர்கள். எங்களில் ஒருவர் மாணவராக இருந்தபோது, ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய மலர்களைக் கேட்டார். “யார் அனுப்பினா? உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்ற கேள்விதான் வந்தது. அன்று அவர் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் துறைத்தலைவரின் கடிதத்தோடும், வேண்டிய மலர்களின் ஆண்டுப் பட்டியலோடும் போனார். அலமாரி திறந்தது. கேள்வி கேட்டவரைத் திட்டுவதைவிட, கையில் கடிதமும் பட்டியலும் வைத்திருப்பது பலன் தரும்.

அடுத்து, எந்தப் பெயரில் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பட்டியல்களில் ‘தலித்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்றது 1922இல், எம்.சி. ராஜாவின் முயற்சியால். அதற்கு முந்தைய தாள்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று இருக்கும். ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பொதுப்பெயர் சட்டத்தில் ஏறியது 2021இல். முன்பு ஏழு தனித்தனிப் பெயர்களில் சிதறிக் கிடந்தது. இன்னொன்று: 1920களில் நம் மக்களுக்கான பள்ளி, கிணறு, வீட்டுமனை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டது தொழிலாளர் துறை. அதனால்தான் நம் பெரியவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்றார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் கதை கல்விக் கோப்பில் இல்லையென்றால் லேபர் கோப்பில் பாருங்கள். அந்தப் பழைய பெயர்கள் நம்மை வலிக்கச் செய்யும். இருந்தாலும் பட்டியலிலிருந்து அவற்றை அழித்துவிடக் கூடாது. அழித்தால் தேடும் வழி அடைபடும். பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்றைய பெயரையும் சேர்க்கச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள்.

உள்ளே போனபின் பேனாவைப் பையில் வையுங்கள், பென்சில் போதும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். நொறுங்கும் தாளை முழுதாக விரித்து அழுத்தாதீர்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். எடுத்தால் முழுப் பக்கமும், இதழின் பெயரும் தேதியும் வரும்படி எடுங்கள். கோப்பு எண்ணைக் குறிக்காமல் எடுத்த படம் அடுத்தவருக்குப் பயன்படாது. ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த நூலகத்துக்கே கொடுங்கள். பயன்படுகிற தொகுப்பைத்தான் நிர்வாகம் காப்பாற்றும். பத்தாண்டு யாரும் தொடாத அலமாரி பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் சில சொற்கள். மாநாட்டு நோட்டீஸ், சங்க மினிட் புத்தகம், வழக்குத் தாள், பட்டா நகல், பழைய போட்டோ எல்லாமே ஆவணம்தான். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுத்துத் தாளையே தின்றுவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் மெல்ல எடுத்துவிடுங்கள். ஈரமான தாளை வெயிலில் போடாமல் நிழலில், விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதற்கும் பரவும். பீரோவைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அரையடி தள்ளி வைத்தால் கரையானும் ஈரமும் எட்டிப் பிடிப்பது குறையும்.

கல்லூரிக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்தவர் பெயரில் தனித் தொகுப்பாக வைக்க வேண்டும், நம் பிள்ளைகள் எப்போது கேட்டாலும் பார்க்கத் தர வேண்டும், ஒரு ஸ்கேன் பிரதி நமக்கு வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மூலம் ஓரிடத்தில், நகல் வேறோர் ஊரில் என்று இருந்தால் ஒரு வெள்ளமோ தீயோ எல்லாவற்றையும் கொண்டுபோகாது. ஒருவர் பெயர் வெளிவந்தால் அவருக்கு ஊரில் இடைஞ்சல் வரும் என்றால், இத்தனை ஆண்டு மூடி வையுங்கள் என்று நிபந்தனை போடவும் நமக்கு உரிமை உண்டு.

நில வழக்கில், “தாள் இருக்கா?” என்று கேட்டால் பதில் இல்லாமல் நம் மக்கள் நின்றிருக்கிறார்கள். 1892இல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டத்தில் கோஷத்தோடு பதிவேடும் வேண்டியிருக்கிறது. வரலாற்றிலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே இந்தக் கூட்டம் கலையும் முன் ஒரு வேலையை ஏற்றுக்கொள்வோம். சாரல் தொடங்குவதற்குள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள பெட்டியை ஒருமுறை திறப்போம். இருப்பதை ஒரு நோட்டில் எழுதுவோம், படம் எடுப்போம். ஒவ்வொரு மாணவரும் தம் கல்லூரி நூலகத்தில் இதுவரை யாரும் கேட்காத ஒரு மலரையாவது கேட்டுப் படிப்போம். ‘தமிழன்’ இதழைப் பெட்டியில் வைத்துக் காத்த பெயர் தெரியாத வாசகர்களுக்கு நாம் பட்ட கடன் அது.