பயிற்சி இதழும் அதன் வாசகரும்



இதழியலைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கலாமா என்பது தீர்ந்த வழக்கு. 1941இல் லாகூரில் பி.பி. சிங் இதழியல் துறை தொடங்கினார்; 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அது வந்தது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் நெடுநாள் வழக்கு. அவர்கள் கட்சி அவையோர் அறிந்ததே: பல்கலைக்கழகம் தொடர்பியல் கோட்பாட்டைத் தரட்டும், செய்தி எழுதுவதை வேலைக்குப் போன இடத்தில் பழகிக்கொள்ளலாம். இதை நான் ஏற்கவில்லை. முகம் தெரியாத வாசகர் படிக்காதவரை மாணவர் எழுதுவது வெறும் வீட்டுப்பாடம்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கொலம்பியா என்ற ஊரில் 1908 செப்டம்பர் 14 அன்று அதன் இதழியல் பள்ளியில் வகுப்பு தொடங்கியது. அன்றே மாணவர்கள் தயாரித்த ‘யுனிவர்சிட்டி மிசௌரியன்’ முதல் இதழும் வெளிவந்தது. பாடம் முடியட்டும், பிறகு இதழைப் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. பள்ளியின் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரி வாசலை மிதிக்காதவர். அச்சுக்கூடத்தில் தொழில் பழகிப் பத்திரிகை ஆசிரியரானவர். அவரையே பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகம் தன் தலைவராக்கியது.

அந்த மாணவர் இதழ் வளாகச் செய்தி மடலாக நிற்கவில்லை, ஊர்ப் பத்திரிகையாக வளர்ந்தது. இன்று ‘கொலம்பியா மிசௌரியன்’ என்ற பெயரில் நகரமன்றம், பள்ளி வாரியம், நீதிமன்றம் எல்லாவற்றையும் எழுதுகிறது. நிருபர்கள் மாணவர்கள், அவர்கள் பிரதியைத் திருத்துவோர் தொழில் அனுபவமுள்ள ஆசிரியர்கள். அதே ஊரில் ‘ட்ரிப்யூன்’ என்ற தனியார் நாளிதழும் உண்டு. ஆகவே செய்தியைத் தவறவிட்டால் ஊருக்கே தெரியும். 1953இல் தொடங்கிய கே.ஓ.எம்.யூ. தொலைக்காட்சியும் பல்கலைக்கழகத்தின் சொத்துதான். மாணவர்கள் அங்கும் வேலை செய்தே படிக்கிறார்கள்.

இதில் கோட்பாடு எங்கே என்று நண்பர்கள் கேட்பார்கள். காவல் நிலையம் தந்த குறிப்பை அப்படியே எழுதிய மாணவி, மறுநாள் கைதானவரின் தாய் வந்து கேட்கும்போது எது ஆதாரம், எது ஒருதலைச் சொல் என்று யோசித்தே தீரவேண்டும். அவதூறுச் சட்டம் அப்போதுதான் மனத்தில் ஏறும். அச்சான பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் திருத்தம் போட்டாக வேண்டும் என்பதும் அப்படித்தான். நம் துறைகளில் பெரும்பாலான பயிற்சி இதழ்கள் மதிப்பெண்ணுக்காக அச்சாகி ஆசிரியர் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. எந்தத் துறை மாணவரையும் சேர்த்துக்கொண்டு, அவர் எழுதியதை வாசகரிடம் கொண்டுசேர்த்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இந்த வகையில் நம் வகுப்பறைகளைவிட நல்ல ஆசான்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல நேரம் இருக்கிறது. நிருபர், உதவி ஆசிரியர், தொலைக்காட்சிச் செய்தித் தயாரிப்பாளர் என்ற பழைய பணிகளோடு தகவல் சரிபார்ப்பு, தரவு இதழியல், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம், நிறுவனங்களின் செய்திப் பிரிவு என்று வழிகள் விரிந்திருக்கின்றன. விசாரித்து, சரிபார்த்து, குறித்த நேரத்துக்குள் எழுதித் தருபவரைத்தான் இவை எல்லாம் தேடுகின்றன.

செய்ய வேண்டியவை: மாவட்டத்துக்கு ஒரு துறையாவது வாராந்தர ஊர் இதழ் நடத்திப் பார்க்கலாம். அதன் சட்டப் பொறுப்பு யாருடையது என்பதை யாராவது ஆராய வேண்டும். உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்கு மாணவரை அனுப்பலாம். நம் பட்டதாரிகள் எங்கே போனார்கள் என்ற பதிவேட்டையும் துறைகள் தொடங்கட்டும்.