எல்லோரும் எல்லோரையும் சந்திக்கும் கணக்கு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கணிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தம்பிமார் சிலர் வாயிலை நோக்குவதைக் காண்கிறேன். அஞ்ச வேண்டா, விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

களுவாஞ்சிக்குடி, எருவில், மகிழூர், குறுமண்வெளி, செட்டிபாளையம், பெரியகல்லாறு ஆகிய ஆறு ஊர்களின் அணிகள் கரப்பந்தாட்டப் போட்டிக்கு வருகின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்றைய ஐந்தோடும் ஒரு முறை ஆட வேண்டும். தாளில் ஆறு புள்ளிகளை இட்டு, ஒவ்வோர் இரண்டையும் கோட்டினால் இணைத்தால் 15 கோடுகள் வரும். அவையே 15 ஆட்டங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்த இவ்வுருவத்தை முழுக் கோட்டுரு என்பர்.

நாளொன்றுக்கு மூன்று ஆட்டமாக ஐந்து நாளில் இதனை முடிக்க வழியுண்டா? உண்டு. ஓர் அணியை நடுவிலும், ஏனைய ஐந்தினை அதனைச் சுற்றி வட்டமாகவும் எழுதுங்கள். நடுவிலுள்ள அணி வட்டத்தில் உள்ள ஒன்றோடு ஆடட்டும். அவ்வொன்றின் இருபுறமும் நிற்கும் இரண்டும் தம்முள் ஆடட்டும். எஞ்சிய இரண்டும் தம்முள் ஆடட்டும். மறுநாள் வட்டத்தை ஓரிடம் சுழற்றுங்கள். ஐந்து நாளில், எந்த ஆட்டமும் இரட்டிக்காமல், எந்த அணியும் சும்மா இராமல், யாவும் நிறைவேறும்.

இருவர் இருவராகச் சேர்ப்பது இவ்வளவு எளிது. மூவர் மூவராகச் சேர்த்தால் என்னவாகும்? 1850 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆண்டு மலரில் தோமஸ் கேர்க்மன் என்னும் பாதிரியார் ஒரு வினாவை எழுப்பினார். நமது மலரைப் போன்றதொரு மலரிலேதான் அது முதலில் அச்சேறியது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. வினா இதுதான்: ஒரு பள்ளியின் 15 மாணவிகள் மூவர் மூவராக ஐந்து வரிசைகளில் நாள்தோறும் உலாவச் செல்கின்றனர். ஏழு நாளில், எந்த இருவரும் ஒரே வரிசையில் ஒரு முறைக்கு மேல் சேராதபடி ஒழுங்கு செய்ய இயலுமா?

பதினைந்து புள்ளிகளுக்கு 105 கோடுகள். மூவர் நிற்கும் ஒரு வரிசை மூன்று கோடுகளைத் தீர்க்கும். ஐந்து வரிசைக்கு 15. ஏழு நாளுக்கு 105. கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதுமா? அமைத்துக் காட்டவும் வேண்டுமல்லவா? பதினைந்துக்கு அமைத்துக் காட்டிவிட்டனர். 21, 27, 33 என வளரும் ஒவ்வோர் எண்ணுக்கும், அதாவது மூன்றால் வகுபடும் ஒவ்வோர் ஒற்றை எண்ணுக்கும், அது இயலுமா என்ற பொது வினாவோ நூறாண்டுக்கு மேல் தீராது நின்றது.

அதனைத் தீர்த்து 1971 இல் வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் வங்காளத்தில் பிறந்த ராய்-சௌதுரி. மற்றவர் அவருடைய மாணவர் வில்சன். ராய்-சௌதுரியின் ஆசான் ராஜ் சந்திர போஸ், கல்கத்தாவில் மகலனோபிஸ் 1931 இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்ந்தவர்.

“இந்தக் கணக்குச் சோறு போடுமா?” என்று கேட்கும் பெரியோர்க்குப் போஸின் பணியே விடை. படுவான்கரை வயலில் பல நெல்லினங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறோம். வயலெங்கும் மண் ஒரு தன்மையதன்று. எல்லா இனத்தையும் ஒரே துண்டில் விதைக்கவும் இடம் போதாது. அப்போது ஒவ்வோர் இரண்டு இனமும் ஒரே துண்டில் சம தடவைகள் சேர்ந்து வரும்படி அமைத்தால் ஒப்பீடு நேர்மையாகும். இத்தகைய அமைப்புகளை ஆக்கும் வழிகளைத்தான் போஸ் 1939 இல் வகுத்து வெளியிட்டார். மாணவியரின் உலாவும் வயலின் சோதனையும் உள்ளத்தில் ஒன்றே.

இனி நான் சொல்லப் போவதே இன்று என்னை இம்மேடைக்கு அழைத்து வந்தது. சீனாவின் உள் மொங்கோலியாவில், பாவுதோ என்னும் நகரில், லூ ஜியாசி என்றொரு பௌதிக ஆசிரியர் இருந்தார். கேர்க்மனின் பொது வினாவை அவர் 1960களிலேயே தீர்த்துவிட்டார். எழுதியவற்றை இதழ்களுக்கு அனுப்பினார், அவை அச்சேறவில்லை. தம் விடையை வேறிருவர் 1971 இலேயே வெளியிட்டுவிட்டனர் என்பதை 1979 இலேதான் அறிந்தார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பகலில் பாடஞ் சொல்லி, இரவில் எழுதி, மூவர் மூவராகப் பிரிப்பது பற்றிய இன்னுங் கடியதொரு வினாவை ஆறே ஆறு எண்கள் நீங்கலாகத் தீர்த்தார். அவ்வாய்வு 1983 இல் அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், 48 ஆவது வயதில், அவர் காலமானார்.

அன்பர்களே, அவருக்கு அறிவு குறையவில்லை. எழுதியதை வாங்கி வாசித்து, “தம்பி, இது சரி, இது பிழை” என்று சொல்ல ஒரு சுற்றம் இல்லாமற் போயிற்று. நம் ஊரிலும் சோதனைக்கு வராத கேள்வியைக் கேட்கும் பிள்ளையை, “புள்ளி கிடைக்கும் வழியைப் பார்” என்று அடக்கி விடுகிறோம். காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்று, அதனைப் போதித்து, பின் துறவு பூண்டவர். அவர் அக்கல்வியைத் துறந்துவிடவில்லை. 1947 இல் அரங்கேறிய யாழ்நூலில் பண்டை இசையைக் கணக்கிட்டு ஆராயக் கையாண்டார். அவர் பிறந்த இக்கரையில் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இடமில்லை என்பது நமக்கு அழகா?

ஆகையால் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை, புள்ளியுமில்லாத பரிசுமில்லாத கேள்விகளுக்கு நமது மன்றம் ஒதுக்குவதாக. முதற் கேள்வியை நானே தருகிறேன். ஒன்பது பேர் நான்கு நாள் விருந்துண்கின்றனர். இரு வட்ட மேசைகள். ஒன்றில் நால்வர், மற்றதில் ஐவர். ஒவ்வொருவரும் மற்றெல்லோர்க்கும் பக்கத்தில் சரியாக ஒரு முறை அமர வேண்டும். இது இயலாது. மூவர் மூவராக மூன்று மேசைகள் என்றாலோ இயலும்! இரண்டையும் செய்து பாருங்கள்.

வேறு அளவான மேசைகளுக்கு என்ன விடை என்று ஜெர்மானியக் கணித அறிஞர் ரிங்கல் 1967 இல் கேட்டார். மிகப் பெரிய எண்ணிக்கைகளுக்கெல்லாம் இயலும் என்று 2021 இல் நிறுவி வெளியிட்டனர். இடைப்பட்ட எண்களுக்கு முழு விடை இன்னும் இல்லை. அதனைத் தீர்க்கப் போகின்றவர் ஒருவேளை இப்பின்வாங்கிலேயே இருக்கலாம். அவர் எழுதிக்கொண்டு வரும் தாளை வாசிக்க நாம் இருப்போமாக.