ஐயா தரும் பணமும் நமது பந்துக் குழுவும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், விளையாட்டுக் குழு பற்றிய தீர்மானத்தின்மேல் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

விடியுமுன் பிரட்டுக்குப் போய்வந்த களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக உள்ளது நமது காற்பந்துக் குழு பற்றிய தீர்மானம். பட்டணத்துச் செல்வந்தர் ஒருவர் குழுவை ஏற்று நடத்த முன்வந்திருக்கிறார். சட்டை, பூட்ஸ், பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டிக்குப் பஸ், சம்பளத்துக்கு வரும் வெளி ஆட்டக்காரர் ஐவர், இத்தனைக்கும் செலவு அவருடையது. பதிலுக்கு அவர் கேட்பவை இரண்டே. குழு அவர் பெயரைத் தாங்க வேண்டும். நமது விளையாட்டுச் செயற்குழு கலைந்து, அவர் நியமிப்பவர்கள் பொறுப்பேற்க வேண்டும். போன மாதம் இச்செய்தி வந்ததும் தம்பிமார்கள் கைதட்டினார்கள். கிழிந்த பந்துக்குத் தையல் போட்டு ஆடுகிறவர்கள் கைதட்டியதில் தவறென்ன? நாமும் முதலில் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஒரு கதையைத் தேடிப் படித்தோம். அதைச் சபையில் வைத்த பிறகு நீங்கள் வாக்களியுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

ஸ்காட்லாந்து நாட்டின் தெற்கு எல்லையில், இங்கிலாந்தைத் தொட்டுக்கொண்டு, கிரெட்னா என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். முதல் உலகப் போரின்போது அங்கே ஒரு மாபெரும் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் தொழிலாளர் குடியிருக்கவே அவ்வூர் கட்டப்பட்டது. ஆகவே, லயத்தில் பிறந்த நமக்கு அது அத்தனை அந்நியமான ஊரன்று. 1946-இல் அங்கே ஒரு பந்துக் குழு தொடங்கினார்கள். எல்லையோரத்து ஊர் ஆதலால் பல ஆண்டுகள் இங்கிலாந்தின் சிறிய லீக்குகளிலேயே அது ஆடிவந்தது. 2002-இல் ஏர்டிரியோனியன்ஸ் என்ற பழைய ஸ்காட்லாந்துக் குழு கடனில் மூழ்கி மறைந்தது. காலியான அந்த இடம் ஓட்டெடுப்பில் கிரெட்னாவுக்குக் கிடைத்தது. கடனில் செத்த ஒரு குழுவின் நாற்காலியில்தான் இவர்கள் போய் உட்கார்ந்தார்கள். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வந்தவர்தான் புரூக்ஸ் மைல்சன். இங்கிலாந்தின் சண்டர்லாண்டைச் சேர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டு, நடப்பதே அரிது என்று சொல்லப்பட்டவர். ஆனாலும் எழுந்து நடந்தார். நீண்ட தூர ஓட்டக்காரராகவும் ஆனார். காப்பீட்டுத் தொழிலில் பெரும் பொருள் சேர்த்தார். கழுத்துப் பட்டி கட்டாத, நீண்ட தலைமுடியுடைய, ஓயாமல் சிகரெட் புகைக்கும் மனிதர். முதலாளிகளுக்குரிய ஆசனத்தை விட்டுச் சாதாரண ரசிகர்களோடு நின்று ஆட்டம் பார்ப்பார். ஆதரவற்ற விலங்குகளைத் தம் வீட்டில் வைத்துப் பேணினார். இங்கிலாந்தின் வடபகுதிச் சிறு குழுக்களின் லீக்குக்கும் பண உதவி செய்தார். இவ்வளவும் எதற்குச் சொல்கிறோம் என்றால், நாம் சொல்லப்போவது ஒரு கொடியவரின் கதையன்று. நல்லவர் ஒருவரின் கதை. நமக்கு உதவ வந்திருக்கும் ஐயாவும் நல்லவரே. அதில் நமக்குச் சந்தேகமில்லை.

அவர் பணம் வந்தது. அந்தச் சிற்றூர்க் குழுவில் முழுநேரச் சம்பள ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். ரோவன் அலெக்சாண்டர் என்பவர் பயிற்றுநர். 2004-05 பருவத்தில் மூன்றாம் டிவிஷன், அதாவது அங்கே கடைசிப் படி, அவர்கள் கையில் விழுந்தது. 36 ஆட்டங்களில் 130 கோல், 98 புள்ளி! கோல் மழை பொழிந்த கென்னி டியூக்கர் உண்மையிலேயே ஒரு மருத்துவர். நோயாளியையும் பார்ப்பார், கோலும் போடுவார். (நம் குழுவுக்கு அப்படி ஒருவர் வந்தால் முழங்கால் வீக்கத்துக்கு மருந்தும் இலவசமாகும்.) அடுத்த பருவத்தில் இரண்டாம் டிவிஷனையும் வென்றார்கள். அதே 2006-இல் ஸ்காட்டிஷ் கோப்பையின் அரையிறுதியில் டண்டீயை 3-0 என்று வீழ்த்தி இறுதியாட்டத்துக்குப் போனார்கள். மூன்றாம் படியிலிருந்து ஒரு குழு அந்த இறுதியாட்டத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. மே 13-ஆம் நாள் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் திடலில் 51 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். மூவாயிரம் பேர் வாழும் ஊரின் பிள்ளைகள் எடின்பரோவின் பெருங்குழுவான ஹார்ட்ஸை 1-1 என்று நிறுத்தி, பெனால்டியில் 4-2 என்றுதான் தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தபோது நமக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

கோப்பை இறுதிக்குப் போனதால் ஐரோப்பியப் போட்டியிலும் இடம் கிடைத்தது. அங்கே அயர்லாந்துத் தீவின் டெரி சிட்டி முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் போட்டு அனுப்பிவிட்டது. அதனால் என்ன? 2007 ஏப்ரலில் முதல் டிவிஷனின் கடைசி ஆட்டம். ராஸ் கவுண்டி குழுவின் ஊரில் நேரம் முடிந்து கூடுதல் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது ஜேம்ஸ் கிரேடி ஒரு கோல் போட்டார். 3-2. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். மூன்று ஆண்டுகளில் மூன்று பட்டம் பெற்று, கடைசிப் படியிலிருந்து செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆடும் பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட்டார்கள்.

இங்கேதான், செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியின் கண்ணோடு கொஞ்சம் பார்க்க வேண்டும். வரவுப் பக்கத்தில் என்ன இருந்தது? மூவாயிரம் பேர் உள்ள ஊர் வாங்கும் டிக்கட் எத்தனை? செலவுப் பக்கத்தில் பெருநகரக் குழுவின் சம்பளப் பட்டியல். நடுவில் இருந்த பள்ளத்தை மாதந்தோறும் ஒரே மனிதரின் சட்டைப்பை நிரப்பியது. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி ஆறாயிரம் ஆசனமுள்ள திடல் வேண்டியிருந்தது. சொந்தத் திடலான ரேடேல் பார்க்கில் அது இல்லை. ஆகவே நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள மதர்வெல் ஊரின் திடலை இரவல் வாங்கி ஆடினார்கள். தன் ஊர்க் குழுவின் ‘சொந்தத் திடல்’ ஆட்டத்தைப் பார்க்கக் கிழவரும் பெண்டிரும் எத்தனை தடவைதான் பஸ் ஏறுவார்கள்? 2008 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 431 பேர். அந்த லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு குறைந்த கூட்டம் வந்ததில்லை. நம் தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுக்கு வருவோரே அவ்வளவு இருப்பார்கள்.

அதற்கு முன்பே இடி விழுந்துவிட்டது. மைல்சனுக்கு உடல்நலம் கெட்டது. 2008 பிப்ரவரியில் அவர் பணம் நின்றது. மார்ச்சில் குழு கடன் நிர்வாகிகளின் கைக்குப் போனது. தண்டனையாகப் பத்துப் புள்ளி வெட்டப்பட்டது. கடன் சுமார் 40 லட்சம் பவுண்டு. ஆட்டக்காரர் பலருக்கும் ஊழியர்க்கும் வேலை போயிற்று. ஆட்டக்காரர் பெயர்கள் பத்திரிகையில் வரும். திடலுக்குப் புல் வெட்டியவர், சட்டை துவைத்தவர், டிக்கட் கிழித்தவர் பெயர்கள் வராது. சங்கத்துக்காரர்களாகிய நாம் அவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மே மாதம் கடைசி ஆட்டம். எதிரில் நின்றது அதே ஹார்ட்ஸ். 1-0 என்று வென்றார்கள்! வென்ற மூன்று வாரத்தில், ஜூன் 3-ஆம் நாள், லீக்கிலிருந்து ராஜினாமா. ஆகஸ்டில் குழு சட்டப்படியே இல்லாமற் போயிற்று. நவம்பரில் மைல்சனும் காலமானார். வயது 60. லீக்கில் காலியான இடம் பக்கத்து ஊரான ஆனனின் குழுவுக்குப் போயிற்று. நாற்காலி மறுபடியும் கை மாறியது, பார்த்தீர்களா?

“அது சின்ன ஊர் கிராணியாரே, அதனால் விழுந்தது” என்று தம்பி ஒருவர் நேற்று ஸ்டோரில் நம்மிடம் வாதாடினார். சரி, எதிரணியைப் பாருங்கள். அன்று கோப்பையை வென்ற ஹார்ட்ஸும் ஒரு செல்வந்தர் கையில்தான் இருந்தது. விளாடிமிர் ரோமானோவ், லித்துவேனியா நாட்டின் வங்கிக்காரர். அங்கேயும் ஆட்டக்காரர் சம்பளம் தாமதமாகும் நிலை வந்தது. 2013-இல் அவர் வங்கி விழுந்தது. அதே ஆண்டு ஹார்ட்ஸும் கடன் நிர்வாகத்துக்குப் போனது. பதினைந்து புள்ளி வெட்டு. 2014-இல் பிரீமியர் லீக்கிலிருந்தே இறக்கம். அந்தக் குழு கிரெட்னாபோல் சாகவில்லை. ஏன்? ஆயிரக்கணக்கான ரசிகர்கள் சேர்ந்து, நாம் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதுபோல, மாதந்தோறும் ஒரு தொகை கட்டினார்கள். ஆன் பட்ஜ் என்ற அம்மையார் 2014-இல் குழுவை வாங்கிக் காத்தார். ரசிகர்களின் சந்தாப் பணம் சிறிது சிறிதாக அந்தக் கடனை அடைத்தது. 2021-இல் பெரும்பான்மைப் பங்கு ரசிகர்கள் கைக்கே வந்துவிட்டது. கிரெட்னாவிலும் ரசிகர்களே ‘கிரெட்னா 2008’ என்று புதுக்குழு தொடங்கிக் கீழ்நிலை லீக்கில் ஆட ஆரம்பித்தார்கள். பிறகு தங்கள் ரேடேல் பார்க்குக்கும் திரும்பினார்கள்.

நமக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. நாம் பள்ளிச் சிறுவராயிருந்தபோது ஒரு தோட்டத்தில் பந்துப் பைத்தியம் பிடித்த மானேஜர் ஒருவர் இருந்தார். ஆட்டக்காரருக்கு இலேசான வேலை, புதுப் பூட்ஸ், ஆட்டம் முடிந்தால் விருந்து. மூன்று வருஷம் அந்தத் தோட்டத்தை வெல்ல ஆளில்லை. அவர் மாற்றலாகிப் போனார். வந்தவருக்குப் பந்து பிடிக்காது. ஆட்டக்காரர்கள் மறுநாளே கஷ்டமான மேட்டு நிரைக்கு அனுப்பப்பட்டார்கள். கோல் கம்பம் யார் வீட்டு அடுப்பில் எரிந்ததென்று இன்றுவரை தெரியாது. கமிட்டி என்று ஒன்று இருந்திருந்தால் போய்க் கேட்டிருக்கலாம். மூன்று வருஷமாக யாரும் கமிட்டி கூட்டவேயில்லை. எல்லாம் மானேஜர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

ஆகவே தம்பிமார்களே, ஐயாவின் உதவியை உதறிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டையும் பந்தும் பயிற்சியாளரும் வரட்டும். நன்றியோடு பெற்றுக்கொள்வோம். சட்டையில் அவர் பெயரும் இருக்கட்டும், அதில் நமக்கென்ன குறைவு? தீர்மானத்தில் நாம் கொண்டுவரும் திருத்தம் இதுதான். குழுவின் பெயரும் பதிவும் கிளையிடமே இருக்க வேண்டும். செயற்குழுவை நீங்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐயா தரப்பில் இருவர் அதில் உட்காரலாம். வெளி ஆட்டக்காரருக்குச் சம்பளம் பேசினால், அந்தப் பருவம் முழுமைக்கும் உரிய தொகை முன்கூட்டியே குழுவின் பாங்குக் கணக்கில் வந்துசேர வேண்டும்; வராவிட்டால் நம் பையன்களே ஆடுவார்கள். நமது மாதச் சந்தா இரண்டு வெள்ளியை நிறுத்தக் கூடாது. ஐயா பணம் வரும் வருஷத்திலும் அதை வசூலித்துத் தனியே வைக்க வேண்டும்.

இதைக் கேட்டால் ஐயா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். போகலாம். போனால் வரும் போட்டியில் நாம் முதற்சுற்றிலேயே தோற்கவும் கூடும். அதையும் சொல்லாமல் உங்கள் ஓட்டைக் கேட்பது முறையாகாது. திருத்தத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வழிமொழிய ஆட்டக்காரர் தரப்பிலிருந்தே ஒருவர் எழுந்தால் நமக்கு மிகவும் மகிழ்ச்சி. தலைவர் அவர்கள் அதை வாசித்து ஓட்டுக்கு விடும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.