வீட்டுக்காரர் காவற்காரர் அல்லர்

(வலிகாமத்தில் நடைபெற்ற கமக்காரர், வீட்டுச் சொந்தக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். பின்வளவிலே இரண்டு அறைகள் கொண்ட சிறு வீடொன்று அவருக்கு உண்டு. அதனை ஹற்றனிலிருந்து வந்த குடும்பமொன்றுக்கு மூன்று வருடங்களாக வாடகைக்கு விட்டிருக்கிறார். கணவனுக்குக் கட்டட வேலை. மனைவி இவருடைய வெங்காயத் தோட்டத்திலேயே கூலிக்கு நிற்பவள். பிள்ளைகள் இருவரும் பக்கத்துப் பாடசாலையிற் படிக்கிறார்கள். ஒருநாட் காலை பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் படலையடியில் நின்று, "உம்முடைய வளவிலிருப்பவர்கள் இந்தியாக்காரரா? வெளிநாட்டாரை வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும், தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எழுத்தில் எதுவுமில்லை. என் கட்சிக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, அதுகளை எழுப்பிப் போடட்டோ?"

அக்குடும்பத்தினர் இலங்கைப் பிரசைகள். அவர்களுடைய தேசிய அடையாள அட்டைகளை நானே பார்த்தேன். ஆயினும் ஒரு நல்ல மனிதர், மூன்று வருடம் தவணை தவறாது வாடகை தந்த குடும்பத்தை ஒரு வாய்ச்சொல்லுக்காக வீதியில் விட ஆயத்தமாகிவிட்டார். அவரை நான் குறைகூறவில்லை. பயம் அப்படிப்பட்டது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலிற் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் 76ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பொலிசார் கேட்டால், வீட்டுக்காரர் தம் வீட்டில் வசிப்போரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். குடும்பத்தார் யார், வேலையாட்கள் யார், மற்றையோர் யார் எனப் பிரித்துக் காட்டவும் வேண்டும். முறைப்படி பணிப்பு வழங்கப்பட்டிருந்தால், அதில் ஏற்படும் மாற்றத்தையும், வெளியாள் ஒருவர் வந்து தங்குவதையும் அறிவிக்க வேண்டும். அவ்வளவே. அப்பிரிவு வெளியாளைப் பற்றிப் பேசுகிறதே தவிர, வெளிநாட்டாரைப் பற்றிப் பேசவில்லை. நமது பேச்சில் இரண்டுக்கும் 'அந்நியர்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம்; குழப்பத்தில் அரைவாசி அங்கேயே பிறக்கிறது.

மற்றது, 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். அச்சட்டத்தை மீறி நாட்டுக்குள் வந்தவர் என்று அறிந்தோ, அவ்வாறு நம்ப நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்கு ஒளிவிடம் கொடுத்தால் அது குற்றம். 'அறிந்தோ, நியாயமான காரணம் இருந்தோ' என்ற சொற்களைக் கவனியுங்கள். பேச்சின் தொனி நியாயமான காரணமாகாது. மலைநாட்டிற் பிறந்ததும் காரணமாகாது. ஆனால் அந்தச் சொற்களின் எல்லை எது என்பதை நீதவான் தீர்மானிப்பதற்கு முன், படலையடியில் நிற்கும் உத்தியோகத்தர் தீர்மானிக்கிறார். அவருக்கும் முன்னதாக, பயந்த வீட்டுக்காரர் தீர்மானித்துவிடுகிறார்!

இது நேற்று முளைத்த வியாதியன்று. குடிவரவுத் திணைக்களம் தொடங்கப்பெற்றது 1949 நவம்பர் முதலாந் திகதி. அதற்கு முன்னர் பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து வருவதை இக்கரையில் எவரும் பாதகமாக எண்ணியதில்லை. வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் அக்கரையோடு இருந்த கொண்டாட்டம் எத்தனை தலைமுறைக்குரியது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வந்தது, நேற்றுப் பயணி என்றிருந்தவன் இன்று கள்ளத்தோணி ஆனான். 1952இல் இராணுவம் கரையோரத்தில் இறங்கியது. 1963இல் அந்நடவடிக்கை தனிச் செயலணியாக விரிந்து, 1981வரை நீடித்தது. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொல்லிற்று. பூட்டனுடைய பிறப்புப் பத்திரம் இந்தச் சபையில் எத்தனை பேரிடம் இருக்கிறது? கை உயர்த்துங்கள், பார்ப்போம்!

கடலால் வந்தவனைக் குறித்த சொல், கடலையே காணாத தோட்டத் தொழிலாளியின் மேலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டியவர்கள் தெற்கிலே இருந்தவர்கள் மட்டுமல்லர். கசப்பாயினும் சொல்லிவிடுகிறேன்; இந்தக் குடாநாட்டிலும் அச்சொல் தாராளமாகப் புழங்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்திற்குக் கை உயர்த்தியோரில் வடக்கின் பிரதிநிதிகள் சிலரும் இருந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. 1958, 1977, 1983 கலவரங்களால் அடிபட்டு அம்மக்களிற் பலர் வடக்கிற்கு வந்தபோது, காணி வெட்டவும் களை பிடுங்கவும் அவர்களை அழைத்தோம். நல்ல வீட்டை வாடகைக்குக் கேட்டபோது 'ஆட்கள் வருகிறார்கள்' என்று சாட்டுச் சொன்னோம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒப்பந்த நாள் முதல் இங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததிக்கும் பிரசாவுரிமை வழங்கிவிட்டது. சட்டத்திலே அந்தச் சொல் செத்துவிட்டது. படலையடியில் இன்னும் உயிரோடிருக்கிறது.

நிற்க. வாடகைக்குக் குடியிருப்பவன் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும்.

நான் கொழும்பிற் சட்டம் படித்த நாட்களில் வெள்ளவத்தையிலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா நம்மூரவர், விதவை. முதல்நாளே, "தம்பி, பொலிசிலே பதிந்து துண்டு எடுக்காமல் இரவு தங்க வேண்டாம். என்னைக் கொண்டுபோய் இருத்திப் போடுவாங்கள்" என்றார். நான் வெளிநாட்டான் அல்லேன். யாழ்ப்பாணத்திலே பிறந்தவன், அதுவே என் குற்றம். நானும் துண்டு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது புதிதாய் எடுத்தேன். அந்த அம்மா துண்டுகளை ஒரு பிஸ்கற் பெட்டியில், மகனுடைய சாதகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். என்மேல் அன்புள்ளவர்தான், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவர். ஆனாலும் இரவில் வாகனம் நின்ற சத்தம் கேட்டால், முதலில் அவர் பார்ப்பது என் அறைக் கதவை.

2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்கிற்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். 'தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள்' என்பது கொடுக்கப்பட்ட விளக்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஒன்றை யோசியுங்கள். எந்த விடுதியில், எந்த அறையில், எந்த ஊரான் இருக்கிறான் என்பது அந்த விடியற்காலையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. விடுதிக்காரர் மாதக்கணக்காய்ச் சட்டத்துக்கு அடங்கி எழுதிக் கொடுத்த பதிவுகள் இருந்தன. பட்டியல் கொடுத்தவர் தீமை நினைக்கவில்லை. பட்டியல் எதற்குப் பயன்படும் என்று தீர்மானிக்கும் அதிகாரந்தான் அவரிடம் இருக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, 2011இல், யுத்தம் முடிந்த பின்னர், இராணுவம் இங்கே வீடு வீடாய்ப் பதிவு எடுத்ததும் குடும்பப் புகைப்படம் கேட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அந்தப் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் மன்றுக்கு உறுதி கூற நேர்ந்தது. கேட்பதெல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அது நம் கண்முன் நடந்த சாட்சி.

அக்கரைக்குப் போன நம்மவர் கதை வேறா? 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின், தமிழ்நாட்டில் முகாமுக்கு வெளியே வாழ்ந்த ஈழத்தமிழர் ஒவ்வொருவரும் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டியதாயிற்று. 'சிலோன்காரருக்கு வீடில்லை' என்ற பதிலைக் கேட்டுத் தெருத்தெருவாய் நடந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். சென்னை வீட்டுக்காரர் நம்மை வெறுத்தவர் அல்லர், அவரும் தமிழர், நம்மைக் கண்டு இரங்கியவர். இரக்கத்துக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில் பொலிஸ் நிலையம் நின்றது. இந்தியாவின் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டம், தங்கும் விடுதி நடத்துவோர் வெளிநாட்டாரைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்று கூறிற்று. அதனையும் வேறு மூன்று சட்டங்களையும் நீக்கி, 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி புதிய குடிவரவு வெளிநாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுதிகளோடு கல்வி நிலையங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அறிவிக்கும் கடமை அதிலே உண்டு. 2015 ஜனவரி 9ஆந் திகதிவரை வந்து பதிந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமில்லாமையாகிய குற்றத்தின் தண்டனையிலிருந்து விலக்களித்திருக்கிறார்கள். நல்லதே. வீட்டுக்காரரிடம் அந்த விலக்குக் கட்டளையை எடுத்து வாசித்துக் காட்டி வீடு கேட்பது எப்படி என்பது வேறு விடயம்.

இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, வாடகைக்கு வருபவருக்கு அந்நாட்டில் இருக்க உரிமையுண்டா என்பதை வீட்டுக்காரரே சோதிக்க வேண்டும். 2016 பெப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதற்கும் அது உரியது. ஸ்கொத்லாந்திலும் வேல்சிலும் இல்லை. 2024 பெப்ரவரியிலிருந்து, முதல் முறை பிழைத்தாலே குடியிருப்பவர் ஒருவருக்குப் பத்தாயிரம் பவுண்வரை தண்டம். அறிந்து செய்தால் ஐந்து வருடம்வரை சிறை. ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் வீடு வைத்திருக்கும் உங்கள் மருமக்களைக் கேட்டுப் பாருங்கள். 2019 மார்ச்சில் இலண்டன் மேல் நீதிமன்ற நீதிபதியொருவர் இத்திட்டம் இனப் பாகுபாட்டை உண்டாக்குகிறது. மனித உரிமைக்கு முரணானது என்று தீர்த்தார். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மாற்றியபோதும், பாகுபாடு நிகழ்கிறது என்பதை அது மறுக்கவில்லை. நிகழ்ந்தாலும் நியாயப்படுத்தத்தக்கது என்றுதான் சொல்லிற்று. அத்தனை பவுண் தண்டத்துக்குப் பயந்த மனிதன் என்ன செய்வான்? பத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டான். வாய்க்குள் நுழையாத பெயரும், நீல நிறத்தைத் தவிர வேறு நிறக் கடவுச்சீட்டும் உள்ளவனுக்கு 'வீடு போய்விட்டது' என்று சொல்லிவிடுவான். சட்டம் கள்ளமாய் வந்தவனைத் தேடுகிறது. அகப்படுபவன் நேராய் வந்தவன்.

இனி நம் வீட்டுக்குள் வாருங்கள். 2019இலிருந்து பலாலி சர்வதேச விமான நிலையம். 2023 ஒக்டோபரிலிருந்து காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல். கனடாவிலும் சுவிசிலும் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கிறோம். தங்கை மகனுக்கு வாடகையின்றியும் கொடுக்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தங்கை மகன் யார்? வேறு நாட்டுப் பிரசாவுரிமையை ஏற்று, இரட்டைப் பிரசாவுரிமை பெறாதிருந்தால், அவனும் வெளிநாட்டான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து காவடி எடுப்பவன் வெளிநாட்டான். ஹற்றனிலிருந்து வந்து வெங்காயம் கட்டும் பெண் இந்நாட்டுப் பிரசை. பொலிஸ் உத்தியோகத்தர் யாரைப் பற்றிக் கேட்டார்? நாம் யாரை எழுப்ப நினைத்தோம்?

வெளிநாட்டார் யார் வருகிறார், எங்கே தங்குகிறார் என்று அறிய அரசாங்கத்துக்கு உரிமையில்லை என்று நான் வாதிக்கவில்லை. எந்த நாடும் அதை விட்டுக்கொடாது. ஆட்கடத்தற் காரருக்கு அறை கொடுத்துப் பணம் பண்ணுபவனுக்காக நான் மன்றிலே எழுந்து நிற்கவும் மாட்டேன். ஆனால், விமான நிலையத்திலே கடவுச்சீட்டைப் பார்த்து முத்திரை குத்துபவர் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர். அதைப் படித்தவர், பிழைவிட்டால் மேலதிகாரிக்குப் பதில் சொல்பவர். அவருடைய வேலையைச் சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் வெங்காயத் தோட்டக்காரரின் தலையிற் கட்டி, பிழைத்தால் சிறை என்றும் மிரட்டுவது நியாயமன்று. விடுதித் தொழில் நடத்துபவர் கடவுச்சீட்டு இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதட்டும். சாதாரண வீட்டுக்காரரிடம் பெயரைக் கேட்கலாம். பிரசையா அல்லவா என்ற தீர்ப்பைக் கேட்கக்கூடாது.

இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது நமது கோரிக்கை. 160 வருடப் பழமை வாய்ந்த பிரிவொன்றைப் பாராளுமன்றம் திருத்தினால் நாடு கவிழ்ந்துவிடாது. எழுத்திலான பணிப்பு, அதற்கொரு காலவரை, நேர்மையாகப் பிழைத்தவருக்குத் தண்டனையின்மை, பட்டியல் வேறு காரியத்துக்குப் போகாதென்ற உத்தரவாதம் — இவை இருந்தால் நானே முதற் பட்டியலை எழுதிக் கொடுப்பேன்.

அதுவரை? படலையடியில் வந்து கேட்பவரை மரியாதையாய் உள்ளே அழைத்து இருத்துங்கள். அவர் பெயரையும் நிலையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். படிவம் தந்தால் பெயர்களை உள்ளபடி எழுதி, ஒரு பிரதியில் அவருடைய கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொய் எழுத வேண்டாம். கேளாததை எழுதவும் வேண்டாம். குடியிருப்பவருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவரைப் பற்றிய விடயம் அவருக்குத் தெரியாமல் போகக்கூடாது.

என் கட்சிக்காரர் அப்படியே செய்தார். பொலிஸ் நிலையத்துக்குக் கடிதமொன்று எழுதினோம். எழுத்திலே பணிப்பு இருந்தால் தருமாறு கேட்டோம். இதுவரை பதில் வரவில்லை. அந்தக் குடும்பம் பின்வளவு வீட்டில்தான் இருக்கிறது. இம்மாத வாடகையும் வந்துவிட்டதாம்.

உங்களில் எவருக்கேனும் அப்படிப் படிவமோ கடிதமோ வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கருகில் கொண்டு வாருங்கள். நானும் மற்ற இரு சட்டத்தரணிகளும் விளக்கு அணைக்கும்வரை இங்கேயே இருப்போம்.