கடலோரக் கோட்டை கூறும் பாடம்
(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



அரபு நாடுகளில் பணியாற்றித் திரும்பும் நம் சகோதரர்கள் அங்குள்ள கடற்கோட்டைகளைப் பற்றி வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில், மம்லூக் சுல்தான் காயித்பாய் 1477-ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய கோட்டை அவற்றுள் புகழ்பெற்றது. உலக அதிசயங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களால் வீழ்ந்த இடத்திலேயே அக்கோட்டை எழுந்தது. வீழ்ந்த விளக்கின் கற்களும் அதன் சுவர்களில் சேர்ந்தன. இன்று அலைகள் அதன் அடித்தளத்தை அரிக்காதிருக்க, கடலுக்குள் பெரும் கான்கிரீட் பாளங்களை இட்டுக் காக்கின்றனர்.

இத்தகையதொரு கோட்டையைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் தமிழகத்திலேயே, காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி, கோவையில் இரயிலேறி, மயிலாடுதுறை வழியாக அங்குச் சென்று வந்தோம். கண்டவற்றையும் அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கவே இவ்வுரை.

1620-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெட்டே என்னும் கடற்படைத் தலைவர், தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். மிளகும் துணியும் வாங்கிக் கப்பலேற்றுவதே அவர்களது நோக்கம். வளைவுக் கூரையுடைய கீழ்த்தளம் சரக்கறைகளாயிற்று. மேல்தளத்தில் ஆளுநர் தங்கினார். கோட்டையைச் சுற்றி வளர்ந்த சிற்றூரில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நடை தூரத்தில் இன்றும் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1845-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டன. பீரங்கிகள் காத்த கோட்டை ஒரு கையெழுத்தில் கைமாறியது. பின்னர் நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்ததும் வணிகம் அங்கே திரும்பிற்று. தரங்கம்பாடித் துறை வெறிச்சோடியது. அரசு அலுவலர்கள் தங்கும் மாளிகையாக இருந்த கோட்டை, 1978-இல் தமிழகத் தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்து, அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அன்பிற்குரியோரே! அங்கே நம்மைச் சிந்திக்க வைத்தவை இரண்டு.

முதலாவது, கடல். கோட்டைக்கு அருகே, 1306-இல் பாண்டிய மன்னர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலைகள் கொண்டு போய்விட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அவ்வூரில் பல உயிர்களைப் பறித்தது. இன்று கரையெங்கும் பெரும் பாறைகளைக் கொட்டி அரிப்பைத் தடுக்கின்றனர். கோட்டை நிற்பதற்குச் சுவரின் தடிமன் மட்டும் காரணமன்று. பெயர்ந்த சுண்ணத்தைப் பூசியவர்களும், விரிசலை அடைத்தவர்களும், கரைக்குக் கல் சுமந்தவர்களும் காரணம்.

இரண்டாவது, எழுத்து. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல், நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அந்நாட்டின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மன்னர்கள் மறைந்தனர்; அவ்வணிகக் குழுமம் கலைந்தது; எழுதி வைத்தது எஞ்சியது. எந்த நிலம், யாருக்கு, எந்த நிபந்தனையில் என்பதை இன்றும் ஐயமின்றிக் கூற முடிவது அதனால்தான்.

மலையில் வாழும் நமக்குக் கடல் அச்சமில்லை. ஆனால் மண் அச்சம் உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். 2019 ஆகஸ்டு 8-இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நீர் வடியாத சரிவில் எத்துணை அழகிய கட்டடமும் நிலைக்காது. நம் ஊரிலிருந்து சிங்காராவுக்கு இறங்கும் மின் நிலையக் குழாய்களைப் பாருங்கள்! 1932-இல் தொடங்கிய அத்திட்டம் இன்றும் பயன் தருவது, அதைக் கண்காணிக்கும் கைகள் ஓயாததால் அன்றோ!

எனவே நிர்வாகக் குழுவினர்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். புதிய அலங்கார வேலைகளுக்கு நிதி திரட்டுமுன், பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வடிகாலையும் மையவாடியின் தாங்கு சுவரையும் ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே செப்பனிட ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். அடுத்து, ஈரத்தில் பூஞ்சை படியும் நம் நிக்காஹ் தஃப்தர், அடக்கப் பதிவேடு, நில ஆவணங்கள் ஆகியவற்றைப் படியெடுத்து, ஒரு தொகுதியை வேறோர் இடத்தில் பாதுகாக்க வேண்டும். தேயிலைத் தோட்ட வேலையை நம்பி ஊர் ஊராகப் பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் பல. அவர்களுள் சிலருக்குத் தம் பாட்டனார் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அப்பதிவேட்டின் ஒரு வரியே சான்று. அந்த வரி அழிந்தால் திரும்ப எழுத எவராலும் இயலாது.

இளைஞர்கள் தரங்கம்பாடிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பி வந்ததும், வரும் பருவமழைக்கு முன் மண்வெட்டியோடு வடிகால் வேலைக்கு வாருங்கள்.